பார்க்கவா, பார்க்கப்படவா?

விலையுயர்ந்த மூக்குக்கண்ணாடிகளைப் பற்றிய எழுத்துகளிலும் விளம்பரங்களிலும் இரண்டு பேரை அடிக்கடி சந்திக்கிறேன். ஒருவர், தலைமுறை தலைமுறையாகத் தொழிலைக் காத்துவரும் கைவினைஞர், அவர் ஆண். இன்னொருவர், கண்ணாடியை அணிந்துகொண்டு நம்மை நோக்கி நிற்கும் அழகி. செய்பவன் அவன், காட்டப்படுபவள் அவள். அந்தக் கண்ணாடி வழியாக ஒரு பெண் எதைப் பார்த்தாள், அது அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்ற பேச்சு அங்கே அநேகமாக வருவதில்லை. பார்ப்பதற்கென்றே உண்டான ஒரு கருவியைப் பற்றிப் பேசும்போது இது மட்டும் விட்டுப்போவதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரே ஒரு வடிவத்தை வைத்து இதைப் பேசலாம். வெளி ஓரங்கள் மேல்நோக்கி ஏறி முடியும் ‘கேட்-ஐ’ பிரேம். கண்ணாடிக் கடையில் ‘லேடீஸ் மாடல்’ என்று கேட்டுப் பாருங்கள், மேசைமேல் எடுத்து வைக்கப்படுபவற்றில் இது நிச்சயம் இருக்கும். உலகின் பெரிய ஃபேஷன் நிறுவனங்களும் இதையே பல விதமாக மாற்றி மாற்றி விற்கின்றன. பெண் முகத்துக்கென்று தானாக முளைத்ததுபோலத் தோன்றும் இந்த வடிவத்தை ஒரு பெண்தான் யோசித்தார். அவர் பெயர் அல்டினா ஷினாசி.

1907-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பாரிஸில் ஓவியம் படித்தவர், பிறகு சிற்பம் செய்தவர். 1930-களில் நியூயார்க்கின் கடைகளுக்குக் காட்சி ஜன்னல்களை அலங்கரிக்கும் வேலையில் இருந்தார். ஒரு கண்ணாடிக் கடையின் ஜன்னலில் பெண்களுக்கென்று வைத்திருந்த பிரேம்களைப் பார்த்தபோது, எல்லாம் ஒரே மாதிரி வட்டமாக, உயிரில்லாமல் இருப்பதாக அவருக்குப் பட்டது. வெனிஸ் நகரத் திருவிழாவில் அணியும் ஹார்லக்வின் முகமூடி நினைவுக்கு வந்தது. காகிதத்தை வெட்டி முகத்தில் வைத்துப் பார்த்தார். அந்த மாதிரியை எடுத்துக்கொண்டு போனபோது பெரிய தயாரிப்பாளர்கள் ஏற்கவில்லை. மேடிசன் அவென்யூவில் இருந்த லூஜீன் என்ற கடைதான் முன்வந்தது. ‘ஹார்லக்வின்’ என்ற பெயரில் அது வெற்றி பெற்றது. 1939-இல் லார்டு அண்டு டெய்லர் நிறுவனத்தின் அமெரிக்க வடிவமைப்பு விருது ஷினாசிக்குக் கிடைத்தது.

முகமூடியைத் தேர்ந்தெடுத்ததில்தான் இந்த வடிவமைப்பின் கூர்மை இருக்கிறது என்பது என் வாசிப்பு. முகமூடி அணிந்தவள் கூட்டத்தில் யாரை வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். அவள் யார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பார்க்கும் உரிமை அவள் பக்கம் இருக்கிறது. அதுவரை கண்ணாடி என்பது பெண் முகத்தில் ஒரு குறையின் அடையாளம். மறைக்க வேண்டியது, முடிந்தால் கழற்றி வைக்க வேண்டியது. ‘சோடாபுட்டி’ என்று பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷினாசி அந்தக் குறையை ஒளித்துவைக்கவில்லை. கம்பியை மெலிதாக்கிக் கண்ணாடியைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் வழியும் அவருக்கு இருந்தது. அதற்கு மாறாக, தூரத்திலிருந்தே தெரியும்படி அதை முகத்தில் நிறுத்தினார்.

1950-களில் இந்த வடிவம் எங்கும் பரவியது. தயாரிப்பாளர்கள் ஆளுக்கு ஒரு விதமாக நகலெடுத்தார்கள். பரவும்போது முகமூடி காணாமல் போனது, பூனை மட்டும் மிஞ்சியது. ஏறிய ஓரம் புருவத்தைத் தூக்கிக் காட்டும், கன்னத்தை எடுப்பாக்கும் என்று முகத்தைத் திருத்தும் சாதனமாகவே அது பேசப்பட்டது.

1953-இல் வந்த ‘ஹவ் டு மேரி எ மில்லியனர்’ படத்தில் இந்த மாற்றம் அப்படியே பதிவாகியிருக்கிறது. மர்லின் மன்றோ நடித்த போலா என்ற பெண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. ஆண்களுக்குப் பிடிக்காது என்று அதைக் கழற்றிக் கழற்றி ஒளிப்பாள். சுவரில் முட்டிக்கொள்வாள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பாள், கடைசியில் வேறு ஊருக்குப் போகும் விமானத்தில் ஏறிவிடுவாள். அங்கே பக்கத்து இருக்கையில் இருக்கும் ஆண், கண்ணாடி போட்டால் நீ இன்னும் அழகு என்கிறான். அதன்பிறகுதான் அவள் கண்ணாடியோடு இருக்கத் துணிகிறாள். படம் இதைக் காதலாகக் காட்டுகிறது. எனக்கு இது அனுமதிச் சீட்டாகத்தான் தெரிகிறது. அவளுக்கு வழி தெரிய வேண்டும் என்பது போதுமான காரணமாக இல்லை; அழகு என்று ஒருவன் சொன்ன பிறகே அவள் கண் திறக்கிறது. பெண் பார்க்க வரும் நாளில் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொல்லப்பட்டு, வந்தவர்களின் முகம்கூடத் தெரியாமல் காபித் தட்டோடு நடந்த பெண்கள் நம்மிடையே உண்டு. இந்தப் படத்தின் நகைச்சுவை அவர்களுக்கு வேறு மாதிரி கேட்கும்.

ஆண்களின் கண்ணாடிக்கு வேறு கதை. பாஷ் அண்டு லோம்ப் நிறுவனத்தின் ரே-பான் ஏவியேட்டர் 1937-இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க விமானிகளின் கண் கூசாமல் இருக்கச் செய்யப்பட்டது என்பதே அதன் வரலாறு. அதுவும் அழகுக்காக அணியப்படுகிறது, ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. அணிந்தவன் எதையோ செய்பவன். கேட்-ஐ அணிந்தவள் கணக்குப் பார்த்தாளா, தட்டச்சு செய்தாளா, இரவெல்லாம் படித்தாளா என்பது வடிவமைப்பு வரலாற்றில் சேரவில்லை.

இனி கைத்திறனுக்கு வருவோம். நல்ல பிரேம் செய்வது உண்மையிலேயே கடினமான வேலை. அதைக் கேலி செய்ய எனக்கு எண்ணமில்லை. உயர்ந்த பிரேம்கள் பலவற்றின் மூலப்பொருளான அசிடேட், பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் கிடைக்கும் செல்லுலோஸில் உருவாகிறது. மலிவான பிரேம், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி எடுப்பது. அசிடேட் பிரேமோ தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. பிறகு மரத்துண்டுகளும் மெருகுப் பொடியும் நிறைந்த உருளையில் நாள்கணக்கில் உருட்டப்படுகிறது. காதில் மாட்டும் கால்களுக்குள் உலோகக் கம்பி செலுத்தப்பட்டு, கீல் பொருத்தப்பட்டு, துணிச் சக்கரத்தில் கையால் பிடித்து மெருகேற்றப்படுகிறது. கால் வந்து முன்பக்கத்தோடு சேரும் இடத்தில் விரலால் தடவினால் இடறக் கூடாது. கேட்-ஐ வடிவத்தில் இது இன்னும் சிரமம். வளைவு ஏறி முடியும் மூலையிலேயே கீலும் உட்கார வேண்டும். அங்கே வேலை சரியில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

இந்த உழைப்பின் வரலாறு எப்படிச் சொல்லப்படுகிறது? இத்தாலியின் காதோரே பள்ளத்தாக்கில் 1878-இல் ஆஞ்செலோ ஃப்ரெஸ்குரா முதல் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஜப்பானின் ஃபுகுய் பகுதியில் 1905-இல் மசுனாகா கொசயெமொன், பனிக்காலத்தில் வேறு வருமானம் இல்லாத விவசாயிகளுக்காக ஒசாகாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். அங்குள்ள சபாயே நகரம் இன்று ஜப்பானியக் கண்ணாடித் தொழிலின் தலைநகரம். 1961-இல் இத்தாலியின் அகோர்தோவில் லியனார்தோ தெல் வெக்கியோ லக்ஸோட்டிகாவைத் தொடங்கினார். மூன்று ஊர், மூன்று ஆண் பெயர். பனி மூடிய விவசாயக் குடும்பத்தின் குளிர்காலத் தொழில் என்று சொல்லும்போது, அந்தக் குடும்பத்தில் பெண்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தோன்றாதா? வீட்டிலேயே தறி இருக்கும் ஊர்களிலிருந்து வரும் நமக்கு இது தெரியும். தார் சுற்றுகிறவளின் வேலை வீட்டு வேலையோடு கரைந்துவிடும், நெசவாளி என்ற பெயர் தறியில் உட்கார்ந்தவருக்குப் போகும். ‘குடும்பத் தொழில்’ என்ற அன்பான சொல்லை எங்கே பார்த்தாலும் அதற்குள் யாருடைய கூலி மறைந்திருக்கிறது என்று தேடும் பழக்கம் நமக்கு வேண்டும்.

செய்பவர் பெயரை மறைக்க இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. 1988-இல் லக்ஸோட்டிகா, ஜோர்ஜியோ அர்மானியோடு உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்பிறகு இந்த முறை பெருகியது. ஷனெல், பிராடா, வெர்சாச்சே என்று வெவ்வேறு பெயர் பொறித்த கண்ணாடிகள் ஒரே நிறுவனத்திலிருந்து வருகின்றன. காலின் பக்கவாட்டில் இருக்கும் பொன்னெழுத்து, வடிவத்தை வரைந்தவரின் பெயரும் இல்லை, மெருகேற்றியவரின் பெயரும் இல்லை. பெயரை வாடகைக்கு விட்டவரின் பெயர். ஷினாசியின் பேரன் பீட்டர் சாண்டர்ஸ் 2014-இல் ‘அல்டினா’ என்ற ஆவணப்படம் எடுத்தார். கோடிக்கணக்கான முகங்களில் ஏறிய ஒரு வடிவத்தை உண்டாக்கியவரை நினைவுபடுத்த அவருடைய குடும்பத்திலிருந்தே ஒருவர் வர வேண்டியிருந்தது.

ஷினாசியைத் தெய்வமாக்கவும் நான் விரும்பவில்லை. அவர் தந்தை சிகரெட் வணிகத்தில் பெரும் பணம் சேர்த்தவர். தயாரிப்பாளர்கள் மறுத்தாலும் இன்னொரு கதவைத் தட்டும் வசதி அவருக்கு இருந்தது. அதே யோசனை ஒரு மெருகுத் தொழிலாளிப் பெண்ணுக்கு வந்திருந்தால் அது அவள் கைப்பையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே. ‘முதல் பெண்’ வரலாறுகளை எழுதும்போது இந்த வர்க்கக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

விலைக்குள் இல்லாத இன்னொன்றும் உண்டு: என் மூக்கு. ஐரோப்பிய பிரேம்கள் நீண்ட காலம் உயர்ந்த மூக்குத்தண்டை மனதில் வைத்தே வரையப்பட்டன. மூக்குத்தண்டு தாழ்ந்தவர்களுக்கென்று பின்னால் வந்த வகைக்கு ‘ஏஷியன் ஃபிட்’ என்று பெயரிட்டார்கள். முதல் வகைக்கு ‘ஐரோப்பிய ஃபிட்’ என்று யாரும் பெயரிடவில்லை. அது வெறும் கண்ணாடி. நான் போட்டுப் பார்த்த விலைகூடிய பிரேம்களில் பல, குனிந்து இரண்டு பக்கம் படிப்பதற்குள் வழுக்கி மூக்குத்தியில் வந்து இடித்தன. கல்யாணத்துக்கு மாட்டல் அணிந்தால் காதுக்குப் பின்னால் காலும் சங்கிலியும் சிக்கிக்கொள்ளும். நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றிய அந்தப் பொருள், இப்படி ஒரு முகம் தன்னை அணியும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

எனவே ஒரு கண்ணாடியை மதிப்பிட நான் உள்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். மூக்கில் எடை எப்படி இறங்குகிறது, பக்கவாட்டில் வரும் வண்டி தெரிகிறதா, எட்டு மணி நேரத்துக்குப் பிறகு காதின் பின்புறம் வலிக்கிறதா, கீல் தளர்ந்தால் என் தெருக் கடைக்காரரால் முடுக்கித்தர முடியுமா. இந்தக் கேள்விகளில் தேறும் கைத்திறனுக்கு விலை கொடுக்கலாம். ஓரம் ஏறிய பிரேம் பிடித்திருந்தால் அதையே வாங்குங்கள். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், சிவப்பு. கடைக்காரர் கண்ணாடியை நீட்டி, ‘முகத்துக்கு எடுப்பா இருக்கு மேடம்’ என்று சொன்னதும், முகம் பார்க்கும் கண்ணாடி பக்கம் திரும்புவதற்கு முன்னால், கடைக்கு வெளியே வந்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.