ஸ்டேஷனுக்கு அடியில் ஒரு பிணம்: சாட்சியம் அழித்தலும் சட்டத்தின் அளவுகோலும்

1

'பாபநாசம்' (2015) படம் முடிகிறபோது தியேட்டரில் எழுந்த கைதட்டல் ஒரு குற்றத்துக்கான கைதட்டல். எண் போட்டே சொல்லலாம்: இ.பி.கோ. 201. நடந்த குற்றத்தின் சாட்சியத்தை மறையச் செய்வது, பொய்த் தகவல் தந்து குற்றவாளியைக் காப்பாற்றுவது. சுயம்புலிங்கம் என்கிற கேபிள் டி.வி.க்காரர் பிணத்தை இடம் மாற்றுகிறார். காரைத் தண்ணீரில் இறக்குகிறார். செல்போனைப் போகிற லாரியில் போட்டு அனுப்புகிறார். பஸ் டிக்கெட்டையும் ஓட்டல் பில்லையும் வைத்து, நடக்காத ஒரு நாளை ஊர்க்காரர்களின் ஞாபகத்தில் நட்டு வைக்கிறார். கடைசியில் பிணம் எங்கே இருக்கிறது என்பது நமக்கு மட்டும் காட்டப்படுகிறது. புதிதாய்க் கட்டிய போலீஸ் ஸ்டேஷனின் தரைக்கு அடியில்.

நண்பர்கள் சிலர் இதை எளியோரின் தந்திரம் என்று வாசித்தார்கள். செத்தவன் ஐ.ஜி.யின் மகன். குளிக்கிற பெண்ணைப் படம் பிடித்து மிரட்டியவன். மறைத்தவரோ பள்ளிப்படிப்பைத் தாண்டாத சாமான்யர். அதிகாரத்தின் மூக்குக்குக் கீழேயே அதன் தோல்வியைப் புதைத்துவிட்டார் என்றார்கள். நானும் கைதட்டியவன்தான். ஆனால் அந்தக் கடைசிக் காட்சியை நிஜத்தோடு வைத்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. தமிழ்நாட்டில் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடியில் சாட்சியத்தைப் புதைத்தவர்கள் பெரும்பாலும் கேபிள் டி.வி.க்காரர்கள் இல்லை. அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர்கள்.

2

201ஆம் பிரிவு மெக்காலே வழிவந்த சரக்கு. 1860இல் சட்டமானது. 2024 ஜூலை 1 முதல் அதன் நாற்காலியில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவு உட்கார்ந்திருக்கிறது. எண்தான் மாறியது. மறைக்கப்பட்ட குற்றம் மரண தண்டனைக்குரியதாக இருந்தால் மறைத்தவருக்கு ஏழாண்டு வரை சிறை. ஆயுள் தண்டனைக்கோ பத்தாண்டு வரையான சிறைக்கோ உரியதாக இருந்தால் மூன்றாண்டு வரை. அதற்கும் கீழே என்றால் மூலக் குற்றத்தின் உச்ச தண்டனையில் கால் பங்கு. மளிகைக் கடைத் தராசுபோல நேர்மையாகத்தான் தெரிகிறது.

தராசில் இரண்டு கோளாறுகள் உண்டு. முதலாவது, மறைக்கப்பட்ட குற்றம் நடந்தது என்பதை முதலில் நிரூபித்தாக வேண்டும். 1952இல் பல்விந்தர் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. கணவனின் உடல் டிரங்குப் பெட்டிக்குள், கிணற்றுக்குள் கிடந்தது. ஆனால் அந்தச் சாவு கொலைதான் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆகவே மறைத்த குற்றமும் நிற்கவில்லை, அந்தப் பெண் விடுதலையானார். குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை என்கிற கோணத்தில் இந்தத் தீர்ப்பு சரியானது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதன் மறுபக்கம் என்ன? அரைகுறையாய் அழித்தவன்தான் மாட்டுகிறான். முழுசாக அழித்தவன் சட்டத்தின் கண்ணுக்கே படுவதில்லை.

இரண்டாவது கோளாறு இதைவிட ஆழமானது. அழித்தவர் யார், அவர் கையில் என்ன இருந்தது என்று இந்தத் தராசு கேட்பதே இல்லை. பயத்தில் ரத்தத்தைக் கழுவிவிட்ட தாயும், மகஜர் எழுதுகிற பேனாவைக் கையில் வைத்திருக்கிற அதிகாரியும் அதற்கு ஒன்றுதான். போதாததற்கு, மூலக் குற்றம் எவ்வளவு பெரியது என்பதை வைத்துத்தான் அழித்தவரின் தண்டனை கணக்கிடப்படுகிறது. அந்த மூலக் குற்றத்துக்குப் பெயர் வைப்பவர் யார்? கொலையை 'நெஞ்சுவலி' என்று எழுதினால் அழிப்பே இல்லை. 'கொலையாகாத மரணம்' என்று எழுதினால் ஏழு மூன்றாகிவிடும். எழுதுகிறவரே தன் தண்டனையின் எடைக்கல்லையும் எடுத்து வைக்கிறார்.

போலீஸ் ஸ்டேஷனிலும் ஓர் எழுத்தாளர் உண்டு என்பதை இலக்கியவாதிகளான நாம் மறந்துவிடுகிறோம். அவரை 'ரைட்டர்' என்றே கூப்பிடுகிறார்கள். யதார்த்தவாதமா நவீனத்துவமா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில், சாவுகளைப் பற்றிய முதல் பிரதியை அங்கேதான் எழுதுகிறார்கள். பிறகு வருகிற பிரதிகளெல்லாம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

3

சாத்தான்குளம், 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23 காலையில் அப்பா. ஸ்டேஷனின் முதல் பிரதி என்ன சொன்னது? தரையில் உருண்டார்கள், அதனால் உள்காயம் ஏற்பட்டது.

காவலில் நடந்த சாவை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்பது 2005 சட்டத் திருத்தம் தந்த வழி. அதன்படி கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குப் போனார். அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையைச் சாட்சிய அழிப்பின் இலக்கணம் என்றே படிக்கலாம். கண்காணிப்புக் கேமராவின் வட்டில் தேவையான இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றைக்குத் தானாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தது. லத்திகளைக் கேட்டபோது கொடுக்க மறுத்து இழுத்தடித்தார்கள். மாஜிஸ்திரேட்டையே ஒரு காவலர் இழிவாகப் பேசினார். அந்த இரவில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருப்பதையும், அதை அழித்துவிடக்கூடும் என்பதையும் நடுங்கிக்கொண்டே சொன்னார். பிறகு வந்த சி.பி.ஐ.யின் குற்றப்பத்திரிகை, அடிபட்டவர்களைக் கொண்டே அவர்களுடைய துணியால் ரத்தத்தைத் துடைக்க வைத்தார்கள் என்கிறது. கொலைப் பிரிவோடு 201ஐயும் சேர்த்தே குற்றஞ்சாட்டியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சுயம்புலிங்கம் ராத்திரியில் திருட்டுத்தனமாய் மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது. இவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. சம்பவ இடம் அவர்களுடையது, கேமரா அவர்களுடையது, பதிவேடும் அவர்களுடையது. காவல் மரணத்தில் அழிப்பு என்பது கொலைக்குப் பிறகு வருகிற தனிச் செயல் கிடையாது. இடம் கையில் இருக்கிறது என்பதே பாதி அழிப்பு. அதனால்தான் உயர் நீதிமன்றம் அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. தண்டனைச் சட்டத்தைவிட அந்த ஒற்றை உத்தரவு பிரச்சினையைச் சரியாகப் புரிந்துகொண்டது எனலாம். முதலில் இடத்தைப் பிடுங்கு, தண்டனையைப் பிறகு பார்க்கலாம்.

4

ஸ்டேஷன் மட்டும்தான் அழிக்கிறதா? ஊரும் சேர்ந்து அழித்ததற்கு விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டை சாட்சி. 2003 ஜூலை 8. தலித் இளைஞர் முருகேசனுக்கும் அவர் மணந்த வன்னியப் பெண் கண்ணகிக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். எரித்தது சடங்குக்காக இல்லை, தடயத்துக்காக. பார்த்த கண்கள் நிறைய. வெளியே வந்த வாய்கள் குறைவு.

பிறகு ரைட்டரின் முறை. பல நாள் கழித்துத்தான் எஃப்.ஐ.ஆர். வந்தது. அதில் இரண்டு தரப்பும் சேர்ந்து கொன்றதாகக் கதை கட்டி, முருகேசனின் உறவினர்களையும் கொலைகாரர்களாக்கினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே குற்றவாளிகள்! 2004இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிராவிட்டால் அந்தப் பிரதிதான் வரலாறாக நின்றிருக்கும். 2021இல் கடலூர் நீதிமன்றம் இரண்டு போலீஸ் அதிகாரிகள் உட்பட 13 பேரைத் தண்டித்தது. சம்பவத்தின்போது சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவரின் ஆயுள் தண்டனையை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அந்த ஆயுள் தண்டனை 201இலிருந்து வந்ததில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(i) பிரிவிலிருந்து வந்தது. தலித்தையோ பழங்குடியினரையோ மரண தண்டனைக் குற்றத்தில் சிக்கவைக்கும் நோக்கோடு பொய்ச் சாட்சியம் புனைந்தால் ஆயுள். அதே சட்டத்தின் 3(2)(vi) இன்னும் கூர்மையானது. அந்தச் சட்டத்தின் கீழான வன்கொடுமைக்குரிய சாட்சியத்தை மறையச் செய்தவருக்கு அந்த வன்கொடுமைக்கு உரிய தண்டனையே. கால் பங்கும் கிடையாது, மூன்றாண்டும் கிடையாது. சாதி இருக்கிற ஊரில் மறைப்பவனும் செய்தவனும் ஒரே கைதான் என்பதைப் பட்டறிவிலிருந்து எழுதிய சட்டம் அது.

இப்போது மறுபடியும் அந்தத் தியேட்டர் கைதட்டலுக்குப் போவோம். 'நம்மாளு தப்பிச்சிட்டான்யா' என்கிற நிம்மதிதானே அது? புதுக்கூரைப்பேட்டையில் வாயை மூடிக்கொண்டவர்களுக்கும் அதே நிம்மதி இருந்திருக்கும். 'நம்ம பசங்க' என்கிற சொல்லுக்குள் யார் யார் வருவார்கள் என்று கேட்காத எந்த 'எளியோர் தந்திர'க் கோட்பாடும் சாதியிடம்தான் கொண்டுபோய் விடும்.

5

அப்படியானால் 201இன் ஏழாண்டைப் பதினான்காக்கு என்று கோரிக்கை வைக்கலாமா? வேண்டாம் என்பேன். தண்டனையைக் கூட்டினால் அது முதலில் விழப்போவது வீட்டுக்குள் நடந்த சாவில் பதறிப்போய்த் தரையைக் கழுவிய பெண்கள் மீதுதான். ஸ்டேஷன் தரையைக் கழுவியவர்களிடம் அது போய்ச் சேருவதற்குள், முதல் பிரதி மாற்றி எழுதப்பட்டிருக்கும்.

கேட்க வேண்டியது வேறு. அதைப் புதிதாய்க் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. 1985இல் சட்ட ஆணையத்தின் 113வது அறிக்கை ஒரு வழி சொன்னது. காவலில் இருந்தவரின் உடம்பில் காயம் இருந்தால், அது காவல் அதிகாரியால் வந்ததென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். இல்லை என்று அந்த அதிகாரி காட்டட்டும். சாட்சியச் சட்டத்தில் 114ஆ என்று சேர்க்கச் சொன்ன பிரிவு அது. சேர்க்கவில்லை. 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதுப்பெயரில் திருப்பி எழுதியபோதும் அதைச் சேர்க்கவில்லை. அந்த ஒரு பிரிவு இருந்தால் அழிப்பின் லாபமே போய்விடும். கேமராப் பதிவு அழிந்தது என்றால் நஷ்டம் அழித்தவருக்கு. இன்றைக்கு அது செத்தவரின் குடும்பத்துக்கு நஷ்டமாக இருக்கிறது.

2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வை, பதிவைக் குறைந்தது ஓராண்டாவது பத்திரப்படுத்து என்று உத்தரவிட்டது. நல்லது. ஆனால் கேமராவின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்கிற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

'பாபநாசம்' அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அது அதன் வேலையும் இல்லை. ஆனால் விமர்சகர்களான நாம் அந்தக் கடைசிக் காட்சியை எதிர்ப்பின் குறியீடு என்று எழுதிவிட்டுப் போனோமே, அதற்கு நாம்தான் பொறுப்பு. அந்தத் தரையை உடைத்துப் பார்த்தால் கீழே ஐ.ஜி.யின் மகன் மட்டும் இருக்க மாட்டான். அப்பனும் மகனுமாய் இரண்டு பேர் இருப்பார்கள். எரிந்துபோன இரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுக்குக் கைதட்டல் தேவையில்லை, சாட்சிதான் தேவை.