3.50ம் 3.5ம் ஒண்ணா?

செல் சவ்வை ஏழு தடவை ஊடுருவி நிற்கும் ஏற்பிப் புரதங்களுக்கு ஜிபிசிஆர் என்று பெயர். மனிதரில் சுமார் 800 வகை. அட்ரினலினைப் பிடிப்பதும் கண்ணில் ஒளியை உணர்வதும் இந்தக் குடும்பம்தான். இவற்றின் அமினோ அமிலங்களுக்கு எண் போடும் முறை பற்றி எனக்கு ஒரு பாராட்டும் இரண்டு குறையும் உண்டு.

சாதாரண எண் எளிது. சங்கிலியின் முதல் அமினோ அமிலம் 1, அடுத்தது 2. இரண்டு புரதங்களை ஒப்பிடும்போதுதான் வம்பு. பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியில் 113ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம். அட்ரினலினின் அமீன் முனையைப் பிடிப்பது அதுதான். மாட்டுக் கண்ணின் ரொடாப்சினில் 113 குளூட்டாமிக் அமிலம். ரெண்டும் எதிர்மின்சுமை கொண்டவை. அப்போ ஒரே இடம்தானே என்று தோணும். இல்லை.

1995ல் பாலெஸ்டரோஸ், வைன்ஸ்டைன் இருவரும் தந்த முறை இதைத் தீர்த்தது. ஏழு சுருள்களில் ஒவ்வொன்றிலும், குடும்பத்துக்குள் மிகக் குறைவாக மாறியிருக்கும் அமினோ அமிலத்துக்கு 50 என்று எண். மூன்றாம் சுருளில் அது ஆர்ஜினின், அதாவது 3.50. அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணவேண்டும். அந்த ஆர்ஜினின் பீட்டா-2வில் 131, ஆகவே 113 என்பது 3.32. ரொடாப்சினில் அது 135, ஆகவே 113 என்பது 3.28. நாலு இடம் வித்தியாசம், சுருளில் ஒரு சுற்றுக்கும் மேல். ரொடாப்சினின் 3.32ல் இருப்பது மின்சுமையே இல்லாத அலனின். ரொடாப்சினின் அணு அளவிலான அமைப்பு 2000ல்தான் வந்தது. அதற்கு முன்பே இப்படி யோசித்தது பெரிய விஷயம்.

முதல் குறை, அந்தப் புள்ளி. பார்த்தால் தசம எண் மாதிரியே இருக்கு. எக்செல்லில் 3.50 என்று அடித்தால் அது 3.5 ஆகிவிடும். இங்கே 50ம் 5ம் வேறு வேறு இடம்!

இரண்டாவதுதான் முக்கியம். ஒன்று ஒன்றாக எண்ணும்போது, எல்லாச் சுருளும் ஒரே சீராகச் சுற்றியிருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் சில இடங்களில் ஒரு அமினோ அமிலம் கூடுதலாகப் புடைத்து நிற்கும். அதைத் தாண்டினால் எண்கள் ஒன்று தள்ளிப்போகும். 2015ல் ஜிபிசிஆர்டிபி தரவுத்தளக்காரர்கள் இதைத் திருத்தினார்கள். புடைத்ததற்கு 461 மாதிரி தனி எண். புள்ளிக்குப் பதில் எக்ஸ். பீட்டா-2வின் செரின் 207 பழைய முறையில் 5.46, புதிய முறையில் 5எக்ஸ்461. செரின் 203 பழையதில் 5.42, புதியதில் 5எக்ஸ்43. வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுகிற கதைதான்.

போதாததற்கு, குளூககான் ஏற்பி இருக்கும் பி வகுப்பின் 3.50 குளூட்டாமிக் அமிலம். ஏ வகுப்பின் 3.50க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னால் பி என்ற எழுத்தைச் சேர்க்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

அதனால், 3.32 என்பதை நான் முகவரியாகப் படிப்பதில்லை. 'இந்த இடமும் அந்த இடமும் ஒன்று என்று நினைக்கிறோம்' என்கிற கணிப்பு அது. வரிசை ஒப்பீடு மாறினால் எண்ணும் மாறும். ஒரு ஏற்பியின் சடுதிமாற்ற முடிவை வைத்து இன்னொன்றுக்கு மருந்து வடிவமைப்பவர்களுக்கு இது வெறும் குறியீட்டுச் சண்டை இல்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் புரதத்தின் சொந்த எண்ணையும் பக்கத்தில் போடட்டும். அது ஒண்ணு இருந்தால் மற்றதை நாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.