அன்னி எர்னோவின் 'நிகழ்வு': சட்டமும் வர்க்கமும்

2024ஆம் ஆண்டு மார்ச் 4ஆந் திகதி, பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் வேர்சாயிலே ஒன்றுகூடி, தம் நாட்டின் 1958ஆம் ஆண்டு அரசியல் யாப்பைத் திருத்தின. சார்பாக 780 வாக்குகளும் எதிராக 72 வாக்குகளும் அளிக்கப்பட்டன. கருச்சிதைவு செய்துகொள்ளும் சுதந்திரம் பெண்ணுக்கு உத்தரவாதம் செய்யப்பட்டதென்பதும், அதன் நிபந்தனைகளைச் சட்டம் வகுக்குமென்பதும் 34ஆம் உறுப்புரையிலே சேர்ந்தன. முற்போக்காளர் இதனை வரவேற்றமை நியாயமே. ஆயின், யாப்பிலே ஒரு வாக்கியம் ஏறுவதனால் எந்தப் பெண்ணுக்கு எது கிடைக்கிறது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. இவ்வினாவை எழுப்புவோர் சட்ட நூல்களைப் புரட்டுமுன் ஓர் இலக்கிய நூலைப் படித்தல் நன்று. அன்னி எர்னோ 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நிகழ்வு' என்னும் சிறு நூலே அது.

எர்னோ 1940இலே பிறந்தவர். நோர்மண்டிப் பகுதியிலுள்ள இவ்தோ என்னும் சிற்றூரிலே அவருடைய பெற்றோர் சிறிய பலசரக்குக் கடையும் கோப்பிக் கடையும் நடத்தினர். அதற்கு முன்னர் அவர்கள் தொழிலாளராயிருந்தவர்கள். 1963 ஒக்டோபரில் ரூவன் நகரிலே பல்கலைக்கழக மாணவியாயிருந்த எர்னோ, தாம் கருவுற்றிருப்பதை அறிகிறார். அப்பொழுது அவருக்கு வயது 23. கருச்சிதைவு அந்நாட்டிலே தண்டனைக்குரிய குற்றம். அதுபற்றிய பிரசாரத்தையும் கருத்தடை விளம்பரத்தையும் 1920ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. மாதக்கணக்கான அலைச்சலின் பின்னர், 1964 ஜனவரியிலே, பாரிஸ் நகரத்து உதவித் தாதியொருத்தியிடம் 400 பிராங்க் கொடுத்து அவர் இரகசியமாகக் கருவைக் கலைக்கிறார். இரத்தப்போக்கு மிகுந்து வைத்தியசாலையிற் சேர்க்கப்படுகிறார். நூலின் கதை இவ்வளவே.

இந்நூலின் சிறப்பு அதன் அடக்கத்திலே தங்கியுள்ளது. அக்காலத்து நாட்குறிப்பைத் துணைக்கொண்டு, நடந்ததை நடந்தவாறே எர்னோ எழுதிச் செல்கிறார். அழுது இரக்கந் தேடுவதுமில்லை, வீரம் பேசுவதுமில்லை. சட்டம் இங்கே காவலன் உருவத்தில் வருவதில்லை. உதவ விரும்பாத வைத்தியரின் முகமாகவும், நண்பர்களின் மௌனமாகவும், சாத்தப்படும் கதவாகவும் அது வருகிறது. யாரும் யாரையும் கைதுசெய்யாத போதும் எல்லோரும் அஞ்சுகின்றனர். ஒரு சட்டம் சமூகத்தினுள் எவ்வாறு வாழ்கிறது என்பதை இவ்வளவு துலாம்பரமாகக் காட்டிய நூல்கள் சிலவே.

ஆயினும் நூலின் உயிர்நிலை வர்க்க உணர்வேயாகும். தம் குடும்பத்திலே முதன்முதலாக உயர்கல்விக்குச் சென்ற பெண், தாம் விட்டு நீங்கிய வறுமை தம் உடலிலேயே வந்து பற்றிக்கொண்டதாக உணர்கிறாள். வைத்தியசாலையிலே இளம் வைத்தியர் ஒருவர் அவளிடம் இழிவாகச் சினந்து பேசுகிறார். அவள் பல்கலைக்கழக மாணவி என்பது பின்னர் தெரியவருகிறது. இதை வைத்தியரிடம் முன்னரே சொல்லியிருக்கலாமே என்று தாதி கேட்கிறாள். சொல்லியிருப்பின் அவர் வேறு விதமாக நடந்திருப்பார் என்பது அக்கேள்வியின் பொருள். ஆலைத் தொழிலாளியோ கடைச் சிப்பந்தியோ எனில் அந்தச் சினம் இயல்பானது. தம் வகுப்பைச் சேர்ந்தவள் எனில் அது வெட்கத்துக்குரியது. நூல் முழுவதையும் இவ்வொரு காட்சியிலே காணலாம்.

இது ஒருத்தியின் தனி அனுபவம் எனத் தள்ளிவிட வரலாறு இடந்தராது. 1943 ஜூலை 30ஆந் திகதி, விஷி அரசு மாரி லூயிஸ் ஜிரோ என்னும் சலவைத் தொழிலாளியைக் கருச்சிதைவு செய்தமைக்காகத் தலை வெட்டிக் கொன்றது. 1971 ஏப்ரலில் தாம் கருச்சிதைவு செய்துகொண்டதாக 343 பெண்கள் பகிரங்கமாகக் கையொப்பமிட்டனர். அறிக்கையை எழுதியவர் சிமோன் த பூவா. புகழ்பெற்ற நடிகைகளும் எழுத்தாளர்களும் ஒப்பமிட்டோருள் இருந்தனர். அவர்கள்மீது வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் 1972இலே பொபின்யி நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டவர்கள், பலாத்காரத்துக்கு உள்ளான 16 வயதுச் சிறுமியும், பாரிஸ் நிலக்கீழ் ரயில்வேயிலே வேலைசெய்த அவளுடைய தாயும், உதவிய பெண்களுமே. வழக்கறிஞர் ஜிசேல் அலிமி அங்கே சட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். சிறுமி விடுதலையானாள். 1975 ஜனவரியிலே சிமோன் வேய் கொணர்ந்த சட்டம் நிறைவேறியது.

சட்டம் வந்ததும் வேறுபாடு ஒழிந்ததா? கருச்சிதைவுச் செலவைச் சமூகக் காப்புறுதி ஏற்றுக்கொள்ள 1982 டிசம்பர் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளிலே சுதந்திரம் அனைவருக்கும் ஒன்றே; கைப்பணம் வேறுவேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கதை இதனினும் கடியது. 1973இலே உயர் நீதிமன்றம் அரசியல் யாப்பின் 14ஆவது திருத்தத்துக்குப் பொருள்கூறி இவ்வுரிமையை ஏற்றது. 1980இலே அதே நீதிமன்றம், ஏழைகளுக்கான அரச வைத்திய உதவிப் பணத்தை இதற்கு மறுப்பது யாப்புக்கு முரணன்று என்று தீர்த்தது. அவ்வாறு முதலில் ஏழைப் பெண்ணின் கையிலிருந்து நழுவிய உரிமை, 2022 ஜூன் 24ஆந் திகதி யாவர் கையிலிருந்தும் பறிக்கப்பட்டது. அத்தீர்ப்பே பிரான்சில் யாப்புத் திருத்தக் கோரிக்கைக்கு வலுவூட்டியது. அங்கும் 2022 நவம்பரில் கீழ்ச்சபை ஏற்ற 'உரிமை' என்னும் சொல், 2023 பெப்ரவரியில் செனற் சபையிலே 'சுதந்திரம்' என மாறியது. சுதந்திரம் என்றால் அரசு தடுக்காதிருந்தாற் போதும். உரிமை என்றால் வைத்தியரையும் வைத்தியசாலையையும் கேட்டுப் பெறலாம். சொல்லாராய்ச்சி வீண்வேலை என்போர் இதனைக் கருதுவாராக.

நூலிலே குறையில்லாமலில்லை. எர்னோ தம் தனிமையை நுணுக்கமாக வரைகிறார். அத்தனிமையை உடைத்த இயக்கத்தின் வரலாறு நூலிலே விரிவு பெறவில்லை. 1963இல் அவ்வியக்கம் இருக்கவில்லை என்பது உண்மை. ஆயின் நூல் எழுதப்பட்டது சட்டம் வந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னர். தனிமையிலிருந்து திரட்சிக்குச் செல்லும் வழியை வாசகரே வெளியிலே தேட வேண்டியுள்ளது.

நாம் அதனைத் தேடவேண்டிய காரணமும் உண்டு. 1883ஆம் ஆண்டிலே பிரித்தானியர் இந்நாட்டுக்கு இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் கருச்சிதைவை அனுமதிக்கவில்லை. 1995இலே அதனைத் தளர்த்த முன்வைக்கப்பட்ட வாசகங்கள் எதிர்ப்பின் முன் மீளப்பெறப்பட்டன. இங்கும் வசதியுள்ளவளுக்கு வழியுண்டு. வசதியற்றவளுக்கு இருள்மூலையும் இரத்தப்போக்குமே உண்டு. யாப்பிலே எழுதுவது அவசியம். எழுதிய உரிமை ஆலையிலும் தோட்டத்திலும் உழைப்பவள் கைக்கு எட்டுகிறதா என்று கேட்பது அதனினும் அவசியம். அக்கேள்வியைக் கற்பிக்கும் நூலாதலின், 'நிகழ்வு' நம் ஆசிரியரும் மாணவரும் படித்து விவாதிக்கவேண்டிய நூலாகும்.