கரடிக் காட்டில் பைக் பயணம்: சாப்பாட்டை எதில் பூட்டுவது?

மொன்டானாவின் ரெட் லாட்ஜிலிருந்து குக் சிட்டிக்குப் போகும் பேர்டூத் நெடுஞ்சாலையை ஆயுளில் ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும் என்று நினைக்காத அமெரிக்க பைக் ஓட்டிகள் குறைவு. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, 3,337 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி, பொழுது சாயும் நேரத்தில் குக் சிட்டிப் பக்கம் இறங்கினால் சாலையோரத்திலேயே கோல்ட்டர், சோடா பியூட் என்று இரண்டு முகாம்கள் வரும். இரண்டிலும் கூடாரம் போட அனுமதி கிடையாது. கெட்டியான சுவர் கொண்ட வேன், டிரெய்லர்களில் வருகிறவர்கள் மட்டுமே அங்கே தங்கலாம். இந்தத் தடை வருவதற்கு முன், 2010 ஜூலையில் குட்டிகளோடு வந்த ஒரு கிரிஸ்லி கரடி, சோடா பியூட்டில் கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைத் தாக்கியது. ஒருவர் இறந்தார், இருவர் காயமடைந்தார்கள். அவர்கள் உணவை ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு எல்லா ஆபத்தையும் தடுத்துவிடாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அதற்கான கருவிகளை மதிப்பிட வேண்டும்.

கார்க்காரருக்கு இந்தச் சிக்கல் பாதிதான். கரடிகள் உலவும் பல தேசியக் காடுகளில், மூடிய, கெட்டியான உடல் கொண்ட வாகனத்துக்குள் உணவை வைத்தால் விதி நிறைவேறிவிடும். பைக்குக்கு அந்தச் சலுகை இல்லை. பக்கவாட்டில் தொங்கும் அலுமினியப் பெட்டிகளைப் பூட்டிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பூட்டு மனிதத் திருடனுக்காகப் போட்டது. பெட்டியின் தகடு பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர் தடிமன்தான், அதிலும் மூடியின் விளிம்பு கரடியின் நகத்துக்கு நல்ல பிடிமானம். கார்க் கதவின் மேல்விளிம்பில் நகத்தை நுழைத்துச் சட்டத்தையே மடக்கிவிடும் விலங்கு அது. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998ஆம் ஆண்டில் மட்டும் 1,300க்கும் மேற்பட்ட வாகனங்களைக் கருங்கரடிகள் உடைத்துத் திறந்தன. இருட்டிய பிறகு காரில்கூட உணவு வைக்கக் கூடாது என்று அங்கே விதி இருப்பது அதனால்தான். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம்.

முகாமில் இரும்பு லாக்கர் இருந்தால் கேள்வியே இல்லை, எல்லாவற்றையும் அதில் வைத்துவிடலாம். லாக்கர் இல்லாத இடத்துக்குத்தான் கேனிஸ்டர், அதாவது கரடியால் திறக்க முடியாதபடி செய்த, கையோடு எடுத்துப்போகும் உணவுப் பெட்டி. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஐஜிபிசி சான்று. அமெரிக்காவில் கிரிஸ்லி கரடிகளின் பராமரிப்புக்காக 1983இல் அமைந்த பல்துறைக் குழு அது. அதன் சோதனைகள் மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் உள்ள கிரிஸ்லி அண்ட் வுல்ஃப் டிஸ்கவரி சென்டரில் நடக்கின்றன. காட்டில் விட்டுவைக்க முடியாத கரடிகள் அங்கே வாழ்கின்றன. கடலை வெண்ணெய், மீன் போன்ற தின்பண்டங்களை உள்ளே வைத்துப் பெட்டியை அவற்றிடம் கொடுத்துவிடுகிறார்கள். கடிப்பது, அறைவது, மேலே ஏறிக் குதிப்பது என்று மொத்தம் 60 நிமிடம் தாக்குப்பிடித்தால் தேர்ச்சி. பெட்டி சாப்பாட்டுக்கு மட்டும் காவல் அல்ல. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி மறுபடி மறுபடி முகாமுக்கு வரும், கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல நேரும்.

கடையில் கிடைக்கும் கேனிஸ்டர்கள் எல்லாம் முதுகுப்பையோடு நடக்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. விமர்சனங்களும் அப்படியே, ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பெண் போடுவார்கள். இருநூறு கிலோ பைக்கில் போகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கார்பன் ஃபைபரில் செய்த பேரிகேட் நேர்த்தியான பொருள்தான். ஆனால் மற்றவற்றைப்போல் மூன்று மடங்குக்கு மேல் விலை கொடுத்துக் குறைக்கும் சில நூறு கிராமை எஞ்சின் உணரவே உணராது. பைக்காரர் பார்க்க வேண்டியவை வேறு: எங்கே கட்டுவது, எத்தனை பொருள் கொள்ளும், அலுத்துப்போன இரவில் சோம்பல் இல்லாமல் மூட முடியுமா.

இந்த அளவுகோலில் முன்னால் நிற்பது பேர்வால்ட் பிவி500. நீலச் சாயல் கொண்ட பாலிகார்பனேட் உருளை, 11.5 லிட்டர் கொள்ளளவு, எடை ஏறக்குறைய 1.2 கிலோ, விலை சுமார் 100 டாலர். உள்ளே இருப்பது வெளியே தெரிவதால், காபித் தூளுக்காக எல்லாவற்றையும் தரையில் கொட்ட வேண்டியதில்லை. வாய் அகலம், கை தாராளமாகப் போய்வரும். திருகி மூடும் மூடியில் இரண்டு முட்டுகள் உண்டு. திறக்க ஒவ்வொன்றையும் அழுத்தித் தாண்ட வேண்டும். குளிர்ந்த காலையில், விரல் விறைத்த நேரத்தில், இது லேசான வேலை அல்ல. முட்டுக்கும் மூடிக்கும் நடுவே பழைய வங்கி அட்டை ஒன்றைச் செருகித் திருகினால் சுலபமாக நகரும்.

இரண்டாவது முட்டு வந்ததற்கு ஒரு கரடி காரணம். நியூயார்க் மாநிலத்தின் அடிரண்டாக் மலைகளில் வாழ்ந்த சிறிய பெண் கருங்கரடி அது. காதுகளில் போட்ட இரண்டு மஞ்சள் அடையாளப் பட்டைகளால் யெல்லோ யெல்லோ என்று பெயர் பெற்றது. ஒற்றை முட்டு மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டது. நிறுவனம் இன்னொரு முட்டு சேர்த்தது, அதையும் கற்றுக்கொண்டது. 2012இல் வேட்டைக்காரர் ஒருவரின் குண்டுக்கு இரையானது. போகும் பகுதியில் எந்தப் பெட்டிக்கு அனுமதி என்று ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்கச் சொல்வது இதனால்தான்.

கார்சியா பேக்பேக்கர்ஸ் கேஷ் பழைய தலைமுறை. சுமார் 10 லிட்டர்தான் கொள்ளும், உள்ளே இருப்பது தெரியாது, வாயும் குறுகல். ஆனால் அதன் பூட்டை நாணயத்தாலோ ஸ்க்ரூடிரைவராலோ திருப்ப வேண்டும். அது கரடியால் ஆகாத காரியம். டூல் கிட் இல்லாமல் கிளம்பாத பைக்காரருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நடைப்பயணிகள் குறை சொல்லும் எடையும் பைக்கில் குறையாகத் தெரிவதில்லை.

உர்சாக் மேஜர் வேறு வகை. குண்டு துளைக்காத உடைகளில் பயன்படும் இழையால் நெய்த பை, கால் கிலோகூட இல்லை. பகலில் பக்கப் பெட்டிக்குள் எந்த மூலையிலும் அடங்கும். பைக்கில் கட்டுவதைப் பொறுத்தவரை இதற்கு இணை இல்லை. குறை இரவில் தெரியும். பையை மரத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். பேர்டூத் மேட்டுநிலத்திலும் அலாஸ்காவின் டெனாலி நெடுஞ்சாலையிலும் மரமே இல்லாத வெளி நெடுக உண்டு. மரத்துக்குப் பதில் பைக்கில் கட்டுவது மகா தவறு, கரடி பையை இழுக்கும்போது வண்டியும் சேர்ந்து சாயும். பை கிழியாவிட்டாலும் உள்ளே இருப்பது கூழாகிவிடலாம். யோசெமிட்டியில் இதற்கு அனுமதியும் இல்லை.

பிவி500இன் விட்டம் 22 சென்டிமீட்டர், உயரம் 32. சைலன்சர் பக்கம் குடைந்து செய்த குறுகிய பெட்டியில் இது நுழையாது. வாகான இடம் பின்சீட்டுதான். உருளையை ஒரு நீர்புகாப் பையில் போட்டு, சீட்டுக்குக் குறுக்கே படுக்கவைத்து, இரண்டு பட்டைகளால் கட்ட வேண்டும். வெறும் பிளாஸ்டிக்கின் மேல் பட்டை வழுக்கும், சரளைச் சாலை அதிர்வில் இன்னும் தளரும். பெட்ரோல் போடும்போதெல்லாம் இழுத்துப் பார்ப்பது நல்லது. மூடி முழு நீர்க்காப்பு அல்ல என்பதாலும் அந்தப் பை தேவை. இரவில் பையையும் பட்டையையும் கழற்றிவிட வேண்டும். அவை இருந்தால் கவ்வித் தூக்கிப் போகக் கரடிக்குக் கைப்பிடி கொடுத்ததுபோல் ஆகும். கூடாரத்திலிருந்து சுமார் 90 மீட்டர் தள்ளி, ஓடையோ செங்குத்துச் சரிவோ பக்கத்தில் இல்லாத சமதரையில் வைக்க வேண்டும். கரடி உருட்டிவிட்டால் தேட வேண்டுமே, அதற்கு ஒளியைப் பிரதிபலிக்கும் ஸ்டிக்கர் இரண்டை ஒட்டிவைத்தால் காலையில் டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

பைக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே. டேங்க் பையில் கிடக்கும் மிட்டாய் உறை, உதட்டுத் தைலம், தண்ணீர்ப் பையில் மிஞ்சிய இனிப்புப் பானம், ஜாக்கெட் உள்பையில் மறந்துபோன எனர்ஜி பார். அதே ஜாக்கெட்டைச் சுருட்டித் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர்கள் ஏராளம். பற்பசை, சன்ஸ்கிரீன், குப்பை எல்லாமே கேனிஸ்டருக்குள் போக வேண்டியவை. அதனால்தான் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊரில் சாமான் வாங்கும் பைக்காரருக்கும் 7.2 லிட்டர் பிவி450ஐவிடப் பெரியதையே பரிந்துரைக்க வேண்டியிருக்கிறது.

2021 ஜூலையில் மொன்டானாவின் ஓவாண்டோ என்ற சிற்றூரில் நடந்தது, பெட்டிக்கு வெளியே கிடப்பவற்றின் ஆபத்துக்கு வேதனையான சான்று. நெடுந்தூர சைக்கிள் பயணியான பெண் ஒருவர் ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டிருந்தார். அதிகாலை இருட்டில் ஒரு கிரிஸ்லி வந்து விலகிப் போனது. அதற்குப் பிறகுதான் அங்கிருந்தவர்கள் கூடாரங்களிலிருந்த உணவை எடுத்து அப்புறப்படுத்தினார்கள். விடிவதற்குள் அது திரும்பி வந்து அந்தப் பெண்ணைக் கொன்றது. கூடாரங்களின் உள்ளேயும் அருகிலும் இருந்த உணவும் குளியல் பொருள்களும் அதை ஈர்த்த காரணங்களில் அடங்கும் என்றது விசாரணைக் குழு.

முகாம்களையே நம்பிப் போகிறவர், லாக்கர் உள்ள இடத்தை முன்பதிவு செய்துவிட்டு, வழியில் எங்காவது தங்க நேர்ந்தால் என்று ஓர் உர்சாக்கை எடுத்துப்போனால் போதும். மரமற்ற வெளியிலோ, அலாஸ்காவிலோ போவதென்றால் பிவி500 வாங்கலாம். ஒரே பயணத்துக்காக வாங்க மனமில்லாதவர்களுக்கு யோசெமிட்டி போன்ற பூங்காக்களின் அனுமதிச் சீட்டு நிலையங்களில் கேனிஸ்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. பின்சீட்டில் பட்டை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வாடகைப் பெட்டியிலேயே கட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.