மூன்று கோச்சுகளிடம் திட்டு வாங்கும் சுகம்

1976 ஜூன் 26 அன்று தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் முகமது அலியும் அந்தோனியோ இனோகியும் மோதினார்கள். உலகமே கொட்டாவி விட்ட சண்டை என்று அதற்குப் பெயர். எனக்கு அது அமுதம். எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேனோ! ஒரு பக்கம் குத்துச்சண்டையின் உலக சாம்பியன், மறுபக்கம் ஜப்பானின் மல்யுத்த நட்சத்திரம். மணி அடித்ததும் இனோகி ஓடிவந்து சறுக்கிக் கீழே விழுந்தார். அதன் பிறகு 15 சுற்றில் பெரும்பகுதி எழுந்திருக்கவே இல்லை. மல்லாந்து கிடந்தபடியே அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். அலியோ அவரைச் சுற்றிச் சுற்றி வந்து எழுந்து வரச் சொல்லிக் கத்தினார். கடைசியில் டிரா. காசு கொடுத்து வந்த கூட்டம் குப்பையை வீசியது. அலியின் கால் வீங்கி, ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரிவரை போக வேண்டியிருந்தது.

இதில் என்ன அமுதம் என்கிறீர்களா? உலகத்திலேயே வேகமான அந்தக் கைகளுக்கு, தரையில் படுத்துக் கிடக்கும் ஒருவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையில் ராஜாவான இனோகிக்கோ, அந்தக் கைகள் எட்டும் தூரத்தில் எழுந்து நிற்கத் துணிவில்லை. அவரவர் தூரத்தில் அவரவர் புலி. அடுத்தவர் தூரத்தில் இருவருமே பச்சைப் பிள்ளை. "கராத்தே பெருசா, குங்ஃபூ பெருசா?" என்று டீக்கடையில் மல்லுக்கட்டுகிறவர்களுக்கெல்லாம் இந்தச் சண்டையைத்தான் போட்டுக் காட்டுவேன். பாதியில் தூங்கிவிடுகிறார்கள், அது வேறு விஷயம்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். கோயில் கொடைக்குச் சிலம்பக் கம்பு சுற்றாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. நெற்றி உயரக் கம்பு. முதலில் காலடி, காலடி, காலடி மட்டும்தான். கையில் கம்பு வருவதற்குள் வெறுத்துப் போய்விடும். வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "கம்பப் பாக்காதல, தோளப் பாரு. கம்பு ஏமாத்தும்." அப்போது அது மண்டையில் ஏறவில்லை. பிற்பாடு சென்னையில் குத்துச்சண்டை வளையத்துக்குள் நின்றபோதுதான் அந்த வாக்கியம் எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிந்தது. க்ளவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் குத்து வந்து விழுந்த பிறகுதான் தெரியும். தோள் அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

பள்ளிக்கூடக் காலத்தில் கராத்தே. வெள்ளை உடுப்பு, வரிசை, எதிராளி இல்லாமல் ஆடும் கட்டா. தனியாகக் காற்றில் குத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று கட்டாவைக் கேலி செய்கிறவர்களோடு எனக்குச் சேராது. எட்டி நின்று, ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்த் தொட்டுவிட்டு வெளியே வரும் அந்தக் கலை கராத்தேக்காரன் உடம்பில் இருக்கிற மாதிரி வேறெங்கும் இல்லை. 2009-இல் எல்லாக் கலைக்காரர்களும் மோதும் யூஎஃப்சி போட்டியில் லைட் ஹெவிவெயிட் பட்டம் வென்ற லியோட்டோ மச்சீடா ஆடியது அதைத்தான். எதிராளி அடிக்க வருவான், மச்சீடா அங்கே இருக்கமாட்டார். அடுத்த நொடி எங்கிருந்தோ ஒரு குத்து. ஐயோ, என்ன அழகு!

பிறகு வட சென்னை. 'சார்பட்டா பரம்பரை' படம் வந்து ஊருக்கெல்லாம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே குத்துச்சண்டையை மூச்சாகக் கொண்ட தெருக்கள் அங்கே உண்டு. என் கராத்தேக் குத்தைப் பார்த்த கோச், "கை நல்லாத்தாம்பா போவுது. தலைய ஏன் அங்கியே வுட்டு வச்சிக்கிற?" என்றார். தலை ஓர் இலக்கு, அதை ஒளித்துவைக்க வேண்டும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. தொட்டால் புள்ளி என்கிற கராத்தேப் போட்டியில் தொட்டதும் நடுவர் நிறுத்திவிடுவார். குத்துச்சண்டையில் யார் நிறுத்துவார்? முதல் குத்துக்குப் பின்னால் இரண்டாவதும் மூன்றாவதும் வரிசையில் நிற்கின்றன. குத்து வாங்கிக்கொண்டே யோசிக்கக் கற்றுக்கொடுப்பதில் குத்துச்சண்டைக்கு நிகரில்லை என்று நான் சத்தியமே செய்வேன்.

ஆனால் என்னைப் பைத்தியமாக்கியது மாடியறை ஒன்றில் விரித்திருந்த மேட்தான். பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. எனக்கு ஜோடியாக வந்தவன் ஒரு கல்லூரிப் பையன், ஒல்லிப்பிச்சான். என்னைத் தரையில் தள்ளிப் பக்கவாட்டில் நெஞ்சின் மேல் சாய்ந்தான். அவ்வளவுதான். மழையில் நனைந்த நெல் மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. அந்த எடை எங்கிருந்து வந்தது? முழங்காலைத் தரையிலிருந்து தூக்கி, கால்விரலை ஊன்றி, தன் உடம்பு முழுவதையும் என் நெஞ்சுக்கூட்டின் ஒரே இடத்தில் குவித்திருந்தான். நான் இரண்டு கையாலும் தள்ளினேன். எல்லாரும் செய்வது அதுதான். தள்ளுகிற கைதான் அவனுக்குப் பிடி. "அண்ணா, மூச்சு விடுங்க, அவசரமே இல்ல" என்றான் சாவகாசமாக. பிறகு சொல்லிக்கொடுத்தான்: அவனைத் தள்ளாதே, உன்னை நகர்த்து. முழங்கையை அவன் கழுத்துக்கும் இடுப்புக்கும் முட்டுக்கொடுத்து, பாதத்தை ஊன்றி, இடுப்பை ஒரு சாண் பின்னால் இழு. கிடைத்த இடைவெளியில் முழங்காலை நுழை. நுழைத்தேன். மூட்டை கழன்றது. அந்த ஒரு சாண் இடைவெளியில் என் பழைய கர்வமெல்லாம் கரைந்து, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துவிட்டேன்.

கழுத்துப் பிடியும் அப்படித்தான். மூச்சுக்குழலை நெரிப்பது என்று வெளியாள் நினைப்பான். இல்லை. பின்னாலிருந்து முழங்கை மடிப்பைத் தொண்டைக்கு நேராக வைத்து, கழுத்தின் இரு பக்கத்து ரத்தக்குழாய்களையும் அமுக்குகிறார்கள். சரியாகப் பூட்டினால் பத்து விநாடி தாங்காது, கண் இருட்டிக்கொண்டு வரும். அதற்கு முன் இரண்டு தட்டு தட்டினால் விட்டுவிடுவார்கள். கை குலுக்கி மறுபடியும் ஆரம்பம். ஒரு மாலைக்குள் எத்தனை தடவை செத்துப் பிழைக்கிறோம் தெரியுமா!

இந்தத் தட்டில்தான் எல்லா ரகசியமும் இருக்கிறது. ஜிகோரோ கானோ 1882-இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கியபோது, பழைய ஜூஜுட்சுவிலிருந்த ஆபத்தான அடிகளைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். அதனால் கலை பலவீனப்படவில்லை, நேர்மாறாக நடந்தது. கண்ணைக் குத்து, தொண்டையை நசுக்கு என்பதையெல்லாம் யார்மேல் முழு வேகத்தில் பழகிப் பார்க்க முடியும்? பாவனைதான் செய்ய வேண்டும். தூக்கி எறிவதையும் பூட்டுப் போடுவதையும் எதிர்த்துப் போராடுகிற ஆள்மேலேயே தினமும் முழு பலத்தோடு பழகலாம். "எங்க கலை ரொம்ப டேஞ்சர், அதனாலதான் ஸ்பாரிங் கிடையாது" என்று யாராவது சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு நழுவிவிடுங்கள். நம் சிலம்பத்திலும் இந்த நோய் உண்டு. மேடையில் தீப்பந்தம் சுற்றுவதற்கு இருக்கிற கூட்டம், இரண்டு பேர் எதிரெதிரே நின்று தொட்டு ஆடுவதற்கு இல்லை. எனக்கு இதில் தீராத ஆதங்கம்.

கானோவின் மாணவர் மரபில் வந்த மிட்சுயோ மயேடா பிரேசிலுக்குப் போனார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியின் குடும்பம் தரைச் சண்டையைத் தனிக் கலையாகவே வளர்த்தெடுத்தது. 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் அந்தக் குடும்பத்து ஹீலியோ கிரேசியின் கையை ஜூடோ மேதை மசாஹிகோ கிமுரா ஒரு பூட்டில் முறித்தார். அந்தப் பூட்டுக்கு இன்று ஜியு-ஜிட்சுவில் பெயர் 'கிமுரா'. தோற்கடித்தவன் பெயரையே வைத்துத் தினமும் பயிற்சி செய்கிற மனசு யாருக்கு வரும்!

தரையில் மடக்குவது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று முகம் சுளிக்கிற நம்மூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். புறநானூற்றின் 80-ஆம் பாட்டைப் படியுங்கள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய காட்சியைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த, மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைத்திருக்கிறது. எது எங்கே இருந்தது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல, அந்தப் புலவர் மல்யுத்தக் களத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் தடவை படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நேற்று மாலை மேட்டில் எனக்கு நடந்தது இதுவேதான்!

சரி, ஒவ்வொன்றும் தனித்தனியே இனிக்கிறது. ஆனால் உண்மையான போதை இவற்றைச் சேர்த்துத் தைக்கிற தையலில் இருக்கிறது. குத்துகிற தூரத்திலிருந்து பிடிக்கிற தூரத்துக்குப் போகும் அந்த அரை நொடி எந்தத் தனிக் கலையிலும் முழுதாகக் கிடைக்காது. கண்ணுக்கு நேராக முன்கையால் ஒரு ஜாப் போடுகிறேன். அடிக்க இல்லை, அவன் கை மேலே போகத்தான். கை போனதும் முழங்கை தூக்குகிறது, விலா திறக்கிறது. என் இடுப்பு இறங்குகிறது, தோள் அவன் தொடையில் முட்டுகிறது, தலை அவன் விலாவோடு ஒட்டுகிறது. கைகள் இரண்டும் அவன் முழங்காலுக்குப் பின்னால். இப்படி எழுதும்போது எளிது. தலை ஓர் அங்குலம் வெளியே நின்றால் கழுத்து அவன் கக்கத்தில் மாட்டும். இடுப்பு இறங்காமல் முதுகு வளைந்தால் முழங்கால் முகத்துக்கு வரும்.

இங்கேதான் மூன்று கோச்சுகளும் வருகிறார்கள். முன்காலில் எடையை ஏற்றி, பக்கவாட்டில் நில் என்கிறார் குத்துச்சண்டைக் கோச். அப்படி நின்றால் தாய்லாந்தின் முவே தாய் ஆள் அந்த முன்தொடையை உதைத்தே நொண்டியாக்குவான். அதனால், நிமிர்ந்து நில், முன்காலை லேசாக வை, உதை வந்தால் காலைத் தூக்கிக் கணைக்காலில் வாங்கு என்கிறார் முவே தாய் கோச். காலைத் தூக்கினேனோ, ஒற்றைக் காலில் நிற்கும் என்னை மல்யுத்தக்காரன் அள்ளிக்கொண்டு போவான். அதனால், குனி, கையைத் தாழ்த்து என்கிறார் மல்யுத்தக் கோச். கையைத் தாழ்த்தினால்? மறுபடியும் குத்து! ஒரே வாரத்தில் மூவரிடமும் திட்டு வாங்குவேன். மூவர் சொல்வதும் சரி. எப்போது யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் பயிற்சியே. இந்தக் குழப்பம் இருக்கிறதே, அதற்காகவே நான் அதிகாலையில் எழுந்திருக்கிறேன்.

டேக்வாண்டோவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தக் கால் வேகத்துக்கு ஒரு கும்பிடு மட்டும். ஜூடோவில் கொஞ்சம் வருத்தம் உண்டு. 2010-க்குப் பிறகு காலைக் கையால் பிடித்து வீழ்த்தும் பிடிகளை விதிகள் ஒதுக்கிவிட்டன. ஒரு விதி மாறியதும் உலகம் முழுக்க ஜூடோக்காரர்கள் நிற்கும் தோரணையே நிமிர்ந்துவிட்டது. விதி எதைத் தடுக்கிறதோ அதை உடம்பு மறந்துவிடுகிறது. வேறு கூடத்துக்குப் போனால்தான் அது நினைவுக்கு வரும்.

ப்ரூஸ் லீ இதை அன்றே பிடித்துவிட்டார். ஹாங்காங்கில் இப் மானிடம் விங் சுன் கற்றவர், அதோடு நிற்காமல் குத்துச்சண்டையிலும் வாள் சண்டையிலும் தேவையானதை எடுத்துக்கொண்டார். ஜீன் லெபெல் என்ற ஜூடோக்காரரோடு சேர்ந்து பிடிகளும் பழகினார். 1973-இல் வந்த 'எண்டர் தி டிராகன்' படத்தின் முதல் சண்டையைக் கவனியுங்கள். விரல் திறந்த க்ளவுஸ், முடிவில் தரையில் ஒரு பூட்டு. அலி-இனோகி சண்டைக்கு நடுவர் யார் தெரியுமா? அதே ஜீன் லெபெல்!

1993 நவம்பர் 12, டென்வரில் முதல் யூஎஃப்சி. ஒல்லியான ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் க்ளவுஸ் போட்டு வந்து, கிரேசி மேலே ஏறி உட்கார்ந்ததும், பூட்டே விழாமல் தட்டிவிட்டார். தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்ட பயமே போதுமாக இருந்தது. அன்று ஜியு-ஜிட்சுதான் உச்சம் என்றார்கள். அதுவும் நிலைக்கவில்லை. எல்லாரும் அதைக் கற்றுக்கொண்டார்கள். 2006-இல் மல்யுத்தமும் ஜியு-ஜிட்சுவும் கலந்த மேட் ஹ்யூஸ் அதே ராய்ஸை முதல் சுற்றிலேயே முடித்தார்.

கலப்பு என்றதும் சில வாரங்களில் ஏழு கலையும் கற்றுத்தருகிறோம் என்று பலகை மாட்டுகிறவர்களிடம் போய் விழாதீர்கள். ஒன்றில் வேர் பிடிக்க வேண்டும். அடி வாங்கினாலும் உடம்பு தானாகத் திரும்பிப் போய் நிற்க ஓர் இடம் வேண்டுமே! எனக்கு அது சிலம்பம். இடம் வலம் இரண்டு பக்கமும் கால் மாற்றி ஆடுவதும், நேர்க்கோட்டில் நிற்காமல் கோணத்தில் விலகுவதும் அங்கிருந்து வந்தவை. வளையத்துக்குள் நான் விலகும் விதத்தைப் பார்த்து, இது எங்கே கற்றது என்று கேட்காத கோச் இல்லை. நின்று அடிக்கும் கலை ஒன்று கைவசம் இருந்தால், அடுத்து பிடிக்கும் கலைக்குப் போங்கள். ஜூடோ, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு எதுவானாலும் சரி. பிடிக்கிறவர் குத்துச்சண்டைக்குப் போகட்டும். பல்லுக்குக் காப்பு வாங்குங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ஸ்பாரிங்கில் வெறி காட்டுகிற ஆளோடு ஜோடி சேராதீர்கள். அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டும்.

எனக்கு இப்போது அடிமுறை என்கிற தெற்கத்திச் சண்டைக் கலைமேல் ஆசை வந்திருக்கிறது. குமரி மாவட்டத்தில் ஓர் ஆசானிடம் போய்க் கேட்டேன். நான் கற்றதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மக்களே, எல்லாம் நல்லதுதான். ஆனா இங்க முதல்ல சுவடு மட்டும்தான். உருளதெல்லாம் வாசலுக்கு வெளிய" என்றார். மறுபடியும் காலடி! சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மல்யுத்தக் கோச்சிடம் இன்னும் சொல்லவில்லை.