குட்டி குடிப்பதைப் பாருங்கள்

பல வருஷம் கூட இருந்த பூனை போன வீட்டில் புதுக் குட்டி வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: குட்டிக்குள் பழையதைத் தேடுவது. “அது இப்படிக் கத்தாதே”, “அது மீன் வாசனைக்கே ஓடியாருமே” என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் எதிரில் நிற்கும் ஒரு சாண் உயிர் கண்ணில் படாது. அழுகை வந்தால் அழுங்கள். குட்டிக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் வேளாவேளைக்கு அதன் தட்டுக்குப் பக்கத்தில், தரையில், உட்கார்ந்துவிடுங்கள். குட்டி யார் என்பது அங்கேதான் தெரியும்.

உப்பளத்துக்கும் கழுவெளிச் சதுப்புநிலத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மரக்காணத்தில் குட்டி தேடி அலைய வேண்டியதில்லை. வடகிழக்கு மழையில் உப்புப் பாத்திகள் மூழ்கும் மாதங்களில் தாய்ப்பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு வருவதுண்டு. ஒவ்வொன்றாகத்தான் தூக்கி வரும். ஆகவே தனியாகக் கிடக்கும் குட்டியை உடனே எடுத்துவிடாதீர்கள். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாயின் முதல் பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தியை நாம் எந்தப் பொடியிலும் கொடுக்க முடியாது.

தாய் வரவே இல்லை என்றால் முதலில் சூடு, பிறகுதான் பால். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பொடியை வாங்குங்கள். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுக்கவைத்து, தலையைச் சற்றே தூக்கி, அதுவாக உறிஞ்ச விடுங்கள். சரியாக உறிஞ்சத் தொடங்கியதும் காதுகள் இரண்டும் தாளம்போட்டு ஆடும், முன்னங்கால்கள் மாறிமாறிப் பிசையும். குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் துடைத்துவிட்டால்தான் சிறுநீர் போகும். தாய் நக்கிச் செய்கிற வேலை அது. பிறந்தபோது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி, நாளுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும். சமையலறைத் தராசில் அந்த எண் ஏறுவதைப் பார்ப்பது தனி ஆனந்தம்.

நான்காவது வாரம் தட்டு வைக்கலாம். முதலில் மூக்கை முக்கித் தும்மும், பாலில் காலை வைக்கும். விட்டுவிடுங்கள், பழகிக்கொள்ளும். பழகிய பூனை குடிப்பது ஓர் அற்புதம். நாக்கைக் கரண்டியாக வளைத்து அள்ளுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பார்த்தபோது வேறு தெரிந்தது. நாக்கின் நுனி பின்பக்கமாக மடிந்து நீரின் மேற்பரப்பை லேசாகத் தொடுகிறது. அது சட்டென மேலேறும்போது மெல்லிய தண்ணீர்த் தூண் ஒன்று கூடவே எழுகிறது. அந்தத் தூண் கீழே விழுமுன் வாய் மூடிக்கொள்கிறது. வினாடிக்கு நான்கு முறை இப்படி! அந்த ஆய்வாளர்களில் ஒருவர் தம் வீட்டுப் பூனை குடிப்பதைப் பார்த்து யோசித்ததில்தான் அந்த ஆய்வே தொடங்கியது.

அடுத்தது மீன். நெத்திலியோ மத்தியோ, பச்சையாகப் போடாதீர்கள். அவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் உண்டு, வேகவைத்தால் போய்விடும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. முள் நீக்கி மசித்து, வெந்த தண்ணீரையும் சேர்த்தே கொடுங்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் அவசியமான டாரின் என்னும் சத்து அந்தத் தண்ணீரிலும் இறங்கியிருக்கும். வெறும் பால்சோற்றில் அது போதாது. மீன் மட்டுமே தினமும் என்பதும் சரியில்லை. கோழி, முட்டை, கடையில் கிடைக்கும் பூனைத் தீவனம் என மாற்றிக்கொடுங்கள். இனிப்பைக் காட்டிக் கூப்பிட வேண்டாம், பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது.

உப்பைப் பற்றி இந்தக் கரையில் சொல்லியாக வேண்டும். கடல்நீரைக் குடித்தும் பூனை தாக்குப்பிடிக்கும் என்று 1959இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதன் சிறுநீரகத்துக்கு அவ்வளவு திறன். அதை நம்பிக் கருவாட்டைப் போடக்கூடாது. உப்பு படிகிற பாத்தியின் நீர் கடல்நீரைவிட ஏழெட்டு மடங்கு உப்பு. வீட்டிலும் வெளியிலும் நல்ல தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

பழைய பூனை வாந்தி பேதியில் போயிருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பூனைகளைக் கொல்லும் பார்வோ வகைக் கிருமி வீட்டில் ஒரு வருஷம்கூடத் தங்கும். பழைய பூனையின் துணி, தட்டு எதையும் நினைவுக்காகக் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, தடுப்பூசி போட்ட பிறகு குட்டியைக் கொண்டுவருவது நல்லது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி. உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். சிக்கல் பெரிதென்றால் புதுச்சேரி குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

முடிந்தால் ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகளாக எடுங்கள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை ஒன்றிடம் ஒன்று கற்கும். இரண்டுக்கும் தனித்தனித் தட்டு வையுங்கள். ஒன்று விழுங்கிவிட்டு அடுத்ததின் தட்டை எட்டிப்பார்க்கும். மற்றது மோந்து, சுற்றிவந்து, பிறகே வாய்வைக்கும். எது எது என்று பெயரிட அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் சாப்பிடுவதைப் பார்த்த பிறகு பெயர் வையுங்கள், பழைய பெயரை மட்டும் விட்டுவிட்டு.