லா ஃபெனிச்சே: காதுக்கு யார் சாட்சி?

விஸ்கோந்தியின் 'சென்சோ' (1954), வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே ஓபரா அரங்குக்குள் தொடங்குகிற படம். அந்த முதல் காட்சியில் தெரிகிற அரங்கு இப்போது இல்லை. 1996 ஜனவரி 29 இரவு எரிந்துபோனது, வெளிச்சுவர்கள்தான் மிஞ்சின. 'இருந்தபடியே, இருந்த இடத்திலேயே' கட்டுவோம் என்றது நகரம். ஆல்டோ ரோஸியின் வடிவமைப்பில் எழுந்த அரங்கை 2003 டிசம்பரில் திறந்தார்கள். உள் அலங்காரத்தை மீட்க 'சென்சோ'வின் காட்சிகளும் உதவின. சினிமா பைத்தியங்களுக்கு இதைவிடச் சந்தோஷமான சேதி உண்டா?

ஆனால் ஓபரா அரங்கைப் பார்க்க மட்டும் கட்டுவதில்லையே. கண்ணுக்கு ஒரு படம் சாட்சி. காதுக்கு?

நல்லவேளையாக அதற்கும் ஒன்று இருந்தது. தீப்பிடிப்பதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்னால் லம்பெர்த்தோ திரோன்கின் என்ற ஒலியியல் ஆய்வாளர் உள்ளே அளவெடுத்திருந்தார். அவர் பிடித்துவைத்தது பாட்டை அல்ல. எழுப்பிய சத்தம் மரத்திலும் பூச்சிலும் பட்டுத் திரும்பி எப்படித் தேய்ந்து அடங்குகிறது என்பதை, இரண்டு காதுகளில் விழுகிற மாதிரியே.

அந்த அளவு இருந்தும் 'இருந்தபடியே' என்ற சொல்லை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. பழைய அரங்கில் சுமார் 840 இருக்கைகள். புதியதில் சுமார் 1000. நிறைந்த அரங்கில் ஒலியை அதிகம் உறிஞ்சுவது ஜனங்கள்தான். ஆள் கூடினால் ஒலி நிற்கும் நேரம் குறையும். இன்னொன்று: ஒரே மாதிரி பொன்முலாம் பூசிய இரண்டு பலகைகளில் ஒன்றின் பின்னால் வெற்றிடமும் மற்றதின் பின்னால் கெட்டிச் சுவரும் இருந்தால், கண் ஏமாறும், காது ஏமாறாது. கேமராவுக்கு அந்தப் பின்பக்கம் தெரியாது.

புதிய அரங்கு மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த முழக்கம் கண்ணுக்குக் கொடுத்த வாக்குறுதி. அதைக் காதுக்கும் சேர்த்துச் சொல்லக் கூடாது என்கிறேன். பழைய ஒலி என்று ஒன்றே ஒன்று என்றைக்கு இருந்தது? 1792-இல் திறந்த அரங்கு 1836-இல் ஒருமுறை எரிந்து, மறுவருஷமே எழுந்தது. 1853-இல் 'லா திராவியாத்தா' அரங்கேறிய இரவு, கனத்த உடுப்புகளோடு நிறைந்திருந்த கூட்டத்தின் காதில் என்ன விழுந்தது என்பதை எந்தக் கருவியும் அளக்கவில்லை.

அதனால்தான் திரோன்கினின் பதிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது. புதுப்பிக்கிறவர்கள் முதலில் போட்டோ எடுக்கிறார்கள். உங்கள் ஊரில் பழைய அரங்கு ஒன்றைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றால், சாரம் கட்டுவதற்கு முன் உள்ளே போய் நின்று, போனை ஆன் பண்ணி, ஒரே ஒருமுறை கைதட்டிவிட்டு வாருங்கள்.